மாந்தோப்பில் பழ ஈ: எந்த வழிக்கு முதலிடம்?

சேலத்தைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளில் பழ ஈயை என்ன செய்வது என்ற முடிவு பெரும்பாலும் சித்திரை மாதத்தில், காய் திரண்டு நிறம் மாறத் தொடங்கிய பிறகு, பூச்சி மருந்துக் கடையில் எடுக்கப்படுகிறது. கடையில் கொடுக்கும் மருந்தை வாங்கிவந்து மரம் முழுவதும் நனைய அடிப்பதே அந்த முடிவு. ஆண் ஈக்களை வாடையால் இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறி, பெண் ஈக்கு வைக்கும் மருந்து கலந்த புரத இரை, காய்க்கு உறை போடுதல், விழுந்த பழத்தை அகற்றுதல் என்று வேறு வழிகள் இருப்பதும் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் ஒதுக்குவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் தெளிவு இல்லை. இந்த ஈயின் குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி, குறிப்பாகக் கடந்த இருபது ஆண்டுகளில் தெரியவந்தவை, அந்த வரிசையை வகுக்கப் பெரிதும் உதவுகின்றன. அவற்றை வைத்துப் பார்த்தால், நாம் கடைசியில் செய்யும் வேலை முதலிடத்துக்கு வருகிறது; முதலில் செய்யும் வேலை கடைசிக்குப் போகிறது.

எந்த ஈ என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் மிகச் சிறிய ஈ வேறு இனம். அது ஏற்கெனவே அழுகியதைத் தின்பது. மாம்பழத்துக்குள் புழு வைப்பது ஏறத்தாழ வீட்டு ஈயின் அளவுள்ள, முதுகில் மஞ்சள் பட்டைகளும் வயிற்றின் மேல் கறுப்பு நிறத்தில் டி வடிவக் குறியும் கொண்ட பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். சோனாட்டா, கரெக்டா என்ற இதன் உறவினங்களும் மாவையும் கொய்யாவையும் தாக்குகின்றன. பாகல், புடல், பீர்க்குக் கொடிகளைக் கெடுப்பது இன்னொரு ஈ. அதன் ஆணை மெத்தில் யூஜினால் இழுக்காது, கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும். மாமரத்துப் பொறியைப் பாகல் பந்தலில் கட்டினால் அந்த ஈ விழாது.

பெண் ஈ தன் கூரிய முட்டையிடும் உறுப்பால் பழத்தோலைத் துளைத்து, அடியில் முட்டைகளைக் கொத்தாக வைக்கிறது. உள்ளே போவது முட்டை மட்டுமன்று. பெண் ஈயின் குடலில் கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், சிட்ரோபாக்டர், ப்ராவிடென்சியா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கின்றன. முட்டை வெளியேறும்போதே அதன் மேற்பரப்பில் அவை பூசப்பட்டுவிடுகின்றன. முட்டை பொரிவதற்குள் துளையைச் சுற்றிலும் அவை பெருகத் தொடங்குகின்றன. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மத்தியதரைக்கடல் பழ ஈயில் செய்த ஆய்வுகள், குடல் பாக்டீரியாக்களில் சில காற்றிலுள்ள நைட்ரஜனைப் புரதம் ஆக்கப் பயன்படும் வடிவில் நிலைப்படுத்துகின்றன என்றும், சில பழத்தின் பெக்டினைக் கரைத்துச் சதையை இளக்குகின்றன என்றும் காட்டின. பழச்சதையில் சர்க்கரை ஏராளம், புரதமோ மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டுபவை இந்தப் பாக்டீரியாக்கள். புழு தின்பது வெறும் பழத்தை அன்று. பாக்டீரியாக்கள் பெருகி இளக்கிவைத்த கூழை.

விழுந்த மல்கோவா ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். தோலில் குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளி இருக்கும். அழுத்தினால் அதிலிருந்து ஒரு துளி சாறு கசியும். அந்த இடத்தில் கத்தியை வைத்து அறுத்தால், பழத்தின் மற்றப் பகுதி கெட்டியாக நல்ல நிறத்தில் இருக்கையில், துளைக்கு நேர் கீழே மட்டும் சதை பழுப்பேறி நீர்த்து, புளித்த வாடையுடன் இருக்கும். புழுக்கள் அந்தப் பழுப்பின் ஓரத்தில்தான் நெருக்கமாகக் கிடக்கும். முற்றிய புழுவைத் தரையில் போட்டால் வில்லாக வளைந்து துள்ளி விழும். மண்ணைத் தேடிப் போகும் பருவம் அது. மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகி, வெப்பமான நாட்களில் ஏறத்தாழ பத்து நாட்களில் புதிய ஈயாக வெளிவரும். முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரை ஒரு மாதத்தை ஒட்டிய காலம் போதும். "மழை பட்டது, புழு விழுந்துவிட்டது" என்று நம் பக்கம் சொல்வதுண்டு. கோடை மழை புழுவைக் கொண்டுவருவதில்லை. ஈரமான மண்ணிலிருந்து ஈ வெளிவருவதற்கும் ஈக்கள் நீடித்து வாழ்வதற்கும் அது ஏற்ற சூழலைத் தருகிறது. ஈ முன்பே தோப்பில்தான் இருந்தது.

இந்தப் பின்னணியோடு வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

மரம் முழுவதும் மருந்தடிப்பதற்கு ஒரு நியாயம் உண்டு: அன்றைக்குத் தோப்பில் பறக்கும் ஈக்களில் பெரும்பகுதியை அது உடனே கொல்கிறது. அறுவடை நெருங்கி, முன்பணம் வாங்கிய வியாபாரி வாசலில் நிற்கும்போது, உடனடிப் பலன் தருவதைத் தேடுவதில் வியப்பில்லை. ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் முட்டையையும் புழுவையும் மேலே படும் மருந்து எட்டுவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவையும் எட்டுவதில்லை. பத்து நாள் கழித்து அவை ஈயாகி வரும்போது பழைய நிலைமை திரும்பிவிடுகிறது. மீண்டும் அடிக்க வேண்டும். இப்போது அறுவடை இன்னும் நெருங்கியிருக்கும். மருந்தின் எச்சம் பழத்தோடு சந்தைக்குப் போகும். ஈயின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் சிறு குளவிகளும், மரத்தில் காவல் இருக்கும் முசுறு எறும்புகளும் சேர்ந்தே மடியும். இவற்றுக்கு மேல், பலர் எண்ணிப்பார்க்காத ஒன்றும் இருக்கிறது. டார்சாலிஸ் ஈயின் குடலிலிருந்து பிரித்தெடுத்த சிட்ரோபாக்டர் வகை ஒன்று, ட்ரைகுளோர்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைச் சிதைக்கிறது என்றும், அந்தப் பாக்டீரியாவைப் பெற்ற ஈக்கள் அம்மருந்தை அதிகம் தாங்குகின்றன என்றும் சீன ஆய்வாளர்கள் 2017இல் கண்டறிந்தார்கள். எல்லா மருந்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும் தோப்பில், மருந்தைத் தாங்கும் ஈ மட்டுமன்று, மருந்தைத் தின்னும் பாக்டீரியாவும் தேர்ந்தெடுக்கப்படலாம் என்பதை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அந்தப் பாக்டீரியாவையே ஒழித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்கு மத்தியதரைக்கடல் நாடுகளின் ஆலிவ் தோப்புகளில் ஒரு விடை இருக்கிறது. ஆலிவ் ஈயின் தலைக்குள், உணவுக்குழாயை ஒட்டிய சிறு பை ஒன்றில் பாக்டீரியாக்கள் நிறைந்திருப்பதை இத்தாலிய ஆய்வாளர் லியோனெல்லோ பெத்ரி 1909இலேயே விவரித்தார். அந்தப் பாக்டீரியாவுக்கு எர்வினியா டாசிகோலா என்ற பெயர் 2005இல்தான் வைக்கப்பட்டது. பழுக்காத பச்சை ஆலிவ் காயில் கசப்புப் பொருள்கள் மிகுதி. இந்தப் பாக்டீரியா துணையிருந்தால்தான் புழு அந்தக் காயில் வளர முடியும் என்பது பிறகு உறுதியானது. அந்த நாடுகளில் பூஞ்சாண நோய்க்காக அடிக்கப்படும் தாமிர மருந்துகள் இந்தப் பாக்டீரியாவைப் பாதித்து, ஈயின் பெருக்கத்தையும் குறைக்கின்றன. கேட்பதற்கு மிக எளிய வழியாகத் தெரிகிறது. அதனாலேயே நம் ஊரிலும் யாராவது இதைச் சொல்லிக்கொண்டு வரக்கூடும். ஆனால் ஆலிவ் ஈ ஒரே ஒரு கூட்டாளியை நம்பி வாழ்வது, அதன் வாழ்விடமும் ஒரே ஒரு மரத்தின் காய். நம் மா ஈயோ மா, கொய்யா, ஆரஞ்சு, சப்போட்டா என்று பல பழங்களில் வாழ்வது. அதன் குடலிலும் பல வகைப் பாக்டீரியாக்கள் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யும் வகையில் கலந்திருக்கின்றன. இலைப் பரப்பிலிருந்தும் அழுகிய பழத்திலிருந்தும் அது அவற்றை மறுபடியும் பெற்றுக்கொள்ளும். ஒன்றைக் கொன்றால் மற்றொன்று அந்த இடத்தை நிரப்பும். தாமிரமோ மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஈக்காகத் தோப்பில் அடிப்பது இதைவிட மோசம். மனிதருக்கும் மாட்டுக்கும் வேண்டிய மருந்து பயனற்றுப் போகும் நிலையை அது நம் மண்ணிலிருந்தே தொடங்கிவைக்கும். எந்த விலையில் கிடைத்தாலும் இந்த இரண்டையும் இந்த நோக்கத்துக்காக வாங்கக்கூடாது என்றே உறுதியாகச் சொல்வேன்.

மெத்தில் யூஜினால் பொறியின் கதை வேறு. துளசி முதலிய பல செடிகளில் இயற்கையாகவே உள்ள இந்தப் பொருளின் வாடையை ஆண் ஈக்கள் விடவே மாட்டா. பொறிக்குள் அதையும் சிறிது பூச்சிக்கொல்லியையும் வைத்து, ஏக்கருக்குப் பத்துப் பொறி என்ற கணக்கில் கட்டுவது நம் பகுதியில் தெரிந்த முறைதான். செலவு குறைவு, பழத்தின் மேல் மருந்து படுவதில்லை. இதன் ஆற்றலுக்குச் சான்று ஜப்பானின் ஒகினாவாத் தீவுகள்: அங்கே டார்சாலிஸ் ஈ, மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய துண்டுகளைப் பரவலாகப் போட்டு ஆண்களை அழித்ததாலேயே 1986க்குள் ஒழிக்கப்பட்டது. ஆனால் அது கடல் சூழ்ந்த தீவு. அரசு முழுப் பரப்பிலும் ஒரே நேரத்தில் செய்த வேலை. ஓர் ஆண் ஈ பல பெண்களுடன் இணையக்கூடியது என்பதால், நூறில் தொண்ணூறு ஆண்கள் செத்தாலும் மிஞ்சிய பத்துப் போதும், பெரும்பாலான பெண்கள் கருவுற்றுவிடும். மேலும் பக்கத்துத் தோப்பில் இணைந்த பெண் ஈ வேலியைத் தாண்டி வந்து உங்கள் காயில் முட்டையிடும். அதை இந்தப் பொறி தொடுவதே இல்லை. காலையில் பொறியைத் திறந்து கொட்டும்போது கைப்பிடி அளவு ஈ விழுவதைப் பார்த்து மனம் நிறைவடைகிறோம். அவை அனைத்தும் ஆண்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தனித் தோப்பில் இந்தப் பொறியை எச்சரிக்கை மணியாகக் கொள்ளலாம். ஈ பெருகத் தொடங்கிய வாரத்தை அது சரியாகக் காட்டிக்கொடுக்கும். ஆயுதமாக வேண்டுமானால் ஊர் சேர வேண்டும்.

பெண் ஈயைப் பிடிப்பது புரத இரை. இங்கேதான் பாக்டீரியா பற்றிய அறிவு நேரடியாக உதவுகிறது. மண்ணிலிருந்து வந்த பெண் ஈக்கு உடனே முட்டையிட முடியாது. முட்டை முற்றுவதற்குப் புரதம் வேண்டும், அதற்காக அது பல நாள் இலைகளின் மேல் மேய்ந்து திரிகிறது. அசுவினி சுரக்கும் தேன்பாகு, பறவை எச்சம், இலைமேல் வளரும் பாக்டீரியாப் படலம் ஆகியவைதான் அதன் உணவு. ஆஸ்திரேலியாவில் 1980களில் நடந்த ஆய்வுகள், குயின்ஸ்லாந்து பழ ஈக்கள் இலையிலும் பழத்திலும் தம் குடல் பாக்டீரியாக்களைப் பரப்பி, அங்கே பெருகியவற்றையே திரும்ப உண்பதை எடுத்துக்காட்டின. பழ ஈ அமைதியாக இருக்கும் நேரத்தில் வாயிலிருந்து ஒரு துளியை வெளியே உருட்டி மீண்டும் உள்ளிழுப்பதைத் தோப்பில் நாமே பார்க்கலாம். புரதக் கரைசலிலிருந்தும் பாக்டீரியா வளர்ப்பிலிருந்தும் வெளிவரும் அம்மோனியா, அமீன் வாடைகள் பசித்த ஈக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. எனவே புரத இரையில் சிறிது மருந்தைக் கலந்து, மரத்துக்கு ஓரிரு இடத்தில், இலைகளின் அடிப்பக்கத்திலோ அடிமரத்திலோ பூசினால், ஈ தானாகத் தேடிவந்து உண்டு மடியும். மருந்தின் அளவு முழுத் தெளிப்பில் செலவாவதில் ஒரு சிறு பங்கு. பழத்தின் மேல் படாமல் பூச முடியும்.

நம் பக்கம் புரதத்துக்குப் பதிலாக வெல்லக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். வெல்லம் ஈயை உண்ணவைக்கும் என்பது உண்மை. ஆனால் முட்டை முற்றாத பெண் ஈ தேடுவது சர்க்கரையை அன்று. ஆகவே கூடுதல் செலவானாலும் புரதப் பொருளை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். மழை பெய்தால் மறுபடியும் பூச வேண்டும் என்பதும், பிஞ்சுப் பருவம் முதல் அறுவடை வரை வாராவாரம் விடாமல் செய்ய வேண்டும் என்பதும் இதன் குறைகள். இன்னொரு நுட்பமும் உண்டு. ஆலிவ் ஈயில் செய்த ஆய்வு, குடல் பாக்டீரியா நன்றாக உள்ள பெண் ஈ, புரதம் குறைந்த உணவிலும் முட்டைகளை உருவாக்கிக்கொள்கிறது என்று காட்டியது. தரையெங்கும் அழுகிய பழம் கிடக்கும் தோப்பில் ஈக்கு வேறு விருந்து தாராளமாகக் கிடைக்கிறது. நாம் வைக்கும் இரைக்கு அது போட்டி. இரை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களின் தோப்பில் நான் முதலில் பார்க்கச் சொல்வது தரையைத்தான்.

விழுந்த பழத்தை அகற்றுவது எல்லா வழிகளிலும் மதிப்புக் குறைந்ததாக எண்ணப்படுகிறது. கூலி வேலை, கடையில் விற்கும் பொருள் எதுவும் இல்லை, அறுவடை முடிந்த பிறகு அதில் யாருக்கும் அக்கறையும் இல்லை. ஆனால் முட்டையும் புழுவும் பாக்டீரியாவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் இடம் அந்தப் பழம்தான். அதை எடுத்துவிட்டால் முட்டை, புழு, அடுத்த தலைமுறைக்குப் போகும் பாக்டீரியா, பெரிய ஈக்கான உணவு ஆகிய நான்கும் ஒரே கூடையில் போய்விடுகின்றன. மேலே சொன்ன வேறு எந்த முறைக்கும் இந்த வீச்சு இல்லை. பழம் விழுந்த ஓரிரு நாளுக்குள் பொறுக்க வேண்டும்; புழு மண்ணுக்குள் போன பிறகு பொறுக்குவது வெறும் துப்புரவுதான். பொறுக்கியதைத் தோப்பின் மூலையில் குவித்தால் மூலையிலிருந்து ஈ வரும். இரண்டடிக்கும் அதிக ஆழத்தில் புதைக்கலாம், அல்லது கனமான பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் பல நாள் போடலாம். ஹவாய் தீவுகளில் இதற்கு ஓர் அழகான முறையைக் கையாண்டார்கள்: பழங்களைக் கூடாரம் போன்ற வலைக்குள் கொட்டுவார்கள், ஈ வெளியே போக முடியாது, அதைவிடச் சிறிய குளவிகள் மட்டும் வலைக்கண் வழியாகப் பறந்து தோப்புக்குத் திரும்பும். வலையின் கண் அளவைச் சரியாகத் தேர்ந்தால் நம்மூரிலும் செய்ய முடியாத வேலையன்று. கோடையில் மரத்தடியை மேலாக உழுதுவிடுவதும் இதோடு சேர்ந்ததே. கூட்டுப்புழு வெயிலுக்கும் மைனாவுக்கும் வெளிப்படும்.

உறை போடுவது நிச்சயமான பாதுகாப்பு. ஈ தொட முடியாத காயில் புழு இருக்காது. கை எட்டும் உயரத்தில் காய்க்கும் மரத்துக்கும், ஒவ்வொரு காயும் விலைபோகும் இமாம் பசந்த், மல்கோவா போன்ற வகைகளுக்கும் இதைச் செய்யலாம். ஓங்கி வளர்ந்த பழைய மரங்களில் இது நடவாது. விளைந்த காயை முன்கூட்டியே பறித்து, 48 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தினால் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் சாகும். ஏற்றுமதிப் பழத்துக்கு இது கைக்கொள்ளப்படுகிறது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தைத் தடுத்ததற்குப் பழ ஈதான் முக்கியக் காரணம். 2015 ஜனவரியில்தான் அந்தத் தடை நீங்கியது.

மலட்டு ஈக்களை விடுவதும், வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைப் பயன்படுத்துவதும் தோப்புக்காரரின் கையில் இல்லாத வழிகள். எனினும் அரசிடமும் பல்கலைக்கழகத்திடமும் எதைக் கேட்பது என்று தெரிவதற்காகவாவது அவற்றை அறிந்திருக்க வேண்டும். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண்களைப் பெருமளவில் விட்டு, அவற்றோடு இணைந்த பெண்ணின் முட்டை பொரியாமல் செய்வது முதல் முறை. அதே ஒகினாவாவில் பாகல் ஈயை இப்படித்தான் 1993இல் ஒழித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது, விட்ட ஈக்கள் 5,000 கோடிக்கும் மேல். தொழிற்சாலையில் வளர்ந்து கதிர்வீச்சுப் பட்ட ஆண் ஈ, காட்டு ஈயோடு போட்டியிட முடியாமல் பின்தங்குவது இதன் பெரிய சிக்கல். கதிர்வீச்சு அதன் குடலிலிருந்த கிளெப்சியெல்லாவைக் குறைத்துவிடுகிறது என்றும், கிளெப்சியெல்லா ஆக்சிடோகாவை உணவில் திரும்பக் கொடுத்தால் இணைசேரும் திறன் மேம்படுகிறது என்றும் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மத்தியதரைக்கடல் ஈயில் 2010இல் காட்டினார்கள். பாக்டீரியாவைக் கொல்வதைவிட அதைக் கொடுப்பதால் ஈயை வெல்லும் இந்த யோசனை எனக்கு மிகவும் நம்பிக்கை அளிக்கிறது. வோல்பாக்கியா ஈயின் உயிரணுக்களுக்குள்ளேயே வாழ்வது. அதைக் கொண்ட ஆண், அது இல்லாத பெண்ணோடு இணைந்தால் முட்டை வளராது. செர்ரி ஈயிலிருந்து அதை மத்தியதரைக்கடல் ஈக்கு மாற்றி, கதிர்வீச்சு இல்லாமலே இதே விளைவைப் பெற முடியும் என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டுமே பெரும்பரப்பில், பல ஆண்டு, அரசு செலவில் நடக்க வேண்டியவை. இந்தப் பருவத்துக் காயை அவை காப்பாற்றா.

எனவே பணமும் ஆளும் ஓரளவே இருக்கும் தோப்புக்கு என் வரிசை இது. தை, மாசியிலேயே தரையைச் சுத்தம் செய்து உழுதுவிட்டுப் பொறி கட்டிவிட வேண்டும். பொறியில் ஈ ஏறத் தொடங்கியவுடன் புரத இரையைத் தொடங்கி, பறித்து முடியும் வரை நிறுத்தக்கூடாது. உதிர்ந்த பழத்துக்காக அறுவடைக் காலத்தில் தனியாக ஓர் ஆள் கூலியை ஒதுக்க வேண்டும். முழுத் தெளிப்புக்கு எடுத்துவைக்கும் பணத்தில் ஒரு பங்கே இதற்குப் போதும். முழுத் தெளிப்பு, இவையெல்லாம் செய்தும் தாக்குதல் கட்டுமீறினால், அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளியைத் துல்லியமாகக் கடைப்பிடித்து ஒரே ஒரு முறை. வீட்டுக் கொல்லையில் இரண்டு மரம் வைத்திருப்பவருக்கு உறையும் கூடையும் போதும்; மருந்தே வேண்டாம்.

ஏற்காட்டு மலைமேல் உள்ளவர்களுக்கு இதில் வேறு ஒரு பங்கு இருக்கிறது. சமவெளியில் மாம்பழம் முடிந்த பிறகு ஈ எங்கோ போய் மறைவதில்லை. மழைக்காலக் கொய்யாவிலும், அதன்பின் கமலா ஆரஞ்சிலும் அது தலைமுறையைக் கடத்திக்கொண்டிருக்கிறது. காபித் தோட்டத்தில் நிழலுக்கும் வேலிக்கும் நிற்கும் பழமரங்களின் கீழே விழுவதை யாரும் வருமானமாகக் கணக்கிடுவதில்லை, ஆகவே பொறுக்குவதும் இல்லை. அடிவாரத்துத் தோப்புக்காரர்களும் மேலே உள்ளவர்களும் ஒரே நாள்காட்டியில் பொறி கட்டி, ஒரே கணக்கில் பழம் பொறுக்கினால் மட்டுமே மெத்தில் யூஜினாலின் முழு ஆற்றல் வெளிப்படும்.

கடைசியாக, குத்தகை. நம் தோப்புகளில் பெரும்பகுதி பூவிலோ பிஞ்சிலோ வியாபாரிக்குக் குத்தகைக்குப் போகிறது. அவருடைய அக்கறை கடைசி லோடு ஏறும் நாளோடு முடிகிறது. அதற்குப் பிறகு தரையில் கிடக்கும் பழமும் அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் புழுவும் நிலத்துக்காரருடையவை. விழுந்த பழத்தை யார் பொறுக்குவது, இரையை யார் பூசுவது, முழுத் தெளிப்பை எந்தத் தேதிக்கு மேல் செய்யக்கூடாது என்ற மூன்றையும் குத்தகைப் பேச்சின்போதே, முன்பணம் கைமாறும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். பறிப்பு முடிந்து இரண்டு வாரம் வரை பொறுக்கும் பொறுப்பு வியாபாரியுடையது என்றால், குத்தகைத் தொகையில் அந்தக் கூலிக்கு ஈடாகக் குறைத்துக்கொள்வது நிலத்துக்காரருக்கு நட்டமாகாது.